ராத்திரிப் பாடத்துக்குக் கூலி யார் தருவது?

சந்தா வசூல் வேலையாகச் சென்ற மாதம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குப் போயிருந்தோம். நேரமாகிவிட்டபடியால் ஒரு தோழரின் வீட்டிலேயே இரவு தங்க நேர்ந்தது. மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. பவர் பிரஸ்ஸில் வேலை. மனைவி அடுத்த தெருவில் தையல் கூலிக்குப் போகிறார். ஒரே மகள், சர்க்கார் பள்ளியில் ஏழாம் வகுப்பு. வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு மின்விசிறி, ஒரு செல்போன். இந்தக் கடைசிச் சாமானைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறோம்.

இரவு எட்டரை மணிக்குத் தோழர் வேலையிலிருந்து திரும்பினார். எட்டு மணி நேர ஷிப்ட், அதற்கு மேல் இரண்டு மணி நேரம் மிகைநேர வேலை, பிறகு கம்பெனி பஸ்ஸில் ஒரு மணிப் பயணம். சோற்றுத் தட்டின் முன் உட்காரும்போதே செல்போனுக்காகக் கை நீட்டினார். மகள் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் கணக்குப் பாடம் ஒன்றைக் காணொளியாக அனுப்பியிருந்தார்; அதைப் பார்த்து மறுநாள் ஐந்து கணக்குகளைப் போட்டு வர வேண்டும். தகப்பனாருக்கோ கம்பெனியிலிருந்து பாதுகாப்புப் பயிற்சிப் பாடம் வந்திருந்தது. இரவு பன்னிரண்டு மணிக்குள் பார்த்துப் பரீட்சையும் எழுதி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் மறுநாள் கேட்டில் நுழைவுச் சீட்டு வராது. சீட்டும் அதே செல்போனில்தான் வருகிறது.

தாய்தான் தீர்ப்புச் சொன்னார். "அப்பா வேலைக்குப் போனாத்தானே சோறு. நீ காலையிலே பாத்துக்க, கண்ணு." மகள் நோட்டை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நம்மிடம் திரும்பி, "இதே ரோதனைதான் அண்ணே, வாரத்துக்கு ரெண்டு நாள்" என்றார். காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. தோழர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆறு மணிக்கு மகள் எழுந்தபோது செல்போன் வீட்டில் இல்லை.

முந்தின இரவு அவர் பாடம் பார்த்ததைப் பக்கத்தில் இருந்து நாமும் பார்த்தோம். நாற்பது நிமிஷப் படம். வெள்ளைத் தொப்பி அணிந்த சித்திர மனிதன் ஒருவன் சிரித்துக்கொண்டே வந்து, யந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதே என்கிறான். பத்துக் கேள்விகள், எட்டுக்குச் சரியாகப் பதில் சொன்னால் தேர்ச்சி. தோழருக்கு இரண்டு முறை தூக்கத்தில் தலை சாய்ந்தது. பார்ப்பவன் கண் மூடினாலும் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கணக்கில் நாற்பது நிமிஷம் ஏறிவிடும். இறுதியில் பச்சைக் குறி விழுந்தது, சான்றிதழும் வந்தது.

"என்ன கற்றுக்கொண்டீர்கள், தோழர்?" என்று கேட்டோம். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்: "பிரஸ்ஸிலே கை விடக்கூடாதுன்னு சொல்றாங்க. அது ஒன்பது வருஷமாத் தெரியும். எங்க லைன்லே சென்சார் கெட்டுக் கிடக்குது, அதை அடைச்சு வெச்சுட்டு ஓட்டச் சொல்றாங்க. அப்போ என்ன பண்றதுன்னுதான் அந்தப் படத்துலே இல்லே."

தோழர்களே, இந்தப் பதிலைக் கேட்ட பிறகு நமக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணிப் பாருங்கள். மாதம் இப்படி ஆறு பாடங்கள் வருகின்றன என்றார். ஒன்றுக்கு நாற்பது நிமிஷம் என்றால் மாதம் நான்கு மணி நேரம். அந்தத் தொழிற்சாலையில் ஐந்நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் மாதம் இரண்டாயிரம் மணி நேரம். எட்டு மணி ஷிப்ட் கணக்கில் இருநூற்றைம்பது ஆள்-நாள். இத்தனை ஆள்-நாளும் ஒரு சல்லிக் காசு கொடுக்காமல் கம்பெனி வாங்கிக்கொள்கிறது. செல்போன் தொழிலாளியினுடையது. அதற்கு மாதா மாதம் போடும் ரீசார்ஜ் தொழிலாளியினுடையது. மின்சாரம், தூக்கம், மகளின் கணக்குப் பாடம் எல்லாமே தொழிலாளி குடும்பத்தினுடையது. சான்றிதழ் மட்டும் கம்பெனியினுடையது!

அந்தச் சான்றிதழ் எதற்கு? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நாளைக்கு அந்த பிரஸ்ஸில் ஒரு விரல் போனால் கம்பெனி வக்கீல் என்ன சொல்வார்? 'இவர் முறைப்படி பயிற்சி பெற்றவர், இன்ன தேதியில் இத்தனை மார்க்கு வாங்கியிருக்கிறார், தெரிந்தே கையை விட்டிருக்கிறார்' என்று காகிதத்தை நீட்டுவார். சென்சாரை அடைத்து வைத்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது. வாகன உதிரிப் பாகத் தொழிலில் கையும் விரலும் இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்னும் ஸ்தாபனம் 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. பவர் பிரஸ் யந்திரங்கள்தான் பெருவாரியான விபத்துகளுக்கு இடமாக இருக்கின்றன என்பதையும், பாதுகாப்பு சென்சார் இல்லாமலே அவை ஓட்டப்படுகின்றன என்பதையும் அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சென்சாரைப் பழுது பார்க்கப் பணம் செலவாகும், உற்பத்தியும் சிறிது நேரம் நிற்கும். படம் அனுப்புவதற்கு அப்படி எந்தச் செலவும் இல்லை.

இதைப் படிக்கிற சில கனவான்கள் உடனே ஏளனம் செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். "இவர்கள் அன்றைக்குக் கம்ப்யூட்டரையே எதிர்த்தவர்கள்தானே!" என்பார்கள். 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் இன்சூரன்ஸ் ஊழியர்கள் இலாக்கோ கட்டிடத்தில் கணிப்பொறியை இறக்க விடாமல் இரவு பகலாகக் காவல் நின்றது உண்மைதான். வேலை பறிபோகுமே என்ற பயம் அன்று நியாயமான பயம். அந்தப் போராட்டத்தின் கோஷம் முழுவதும் சரிதானா என்று நமக்குள்ளேயே வாதம் உண்டு. அதை ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இன்று நாம் கேட்பது வேறு கேள்வி. யந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பது அல்ல. யந்திரத்தால் மிச்சமாகும் நேரம் யார் வீட்டுக்குப் போகிறது, யந்திரத்துக்காகச் செலவாகும் நேரம் யார் வீட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான்.

யந்திரத்தின் நன்மையை நாம் மறைக்கவில்லை. 2018-ல் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்கள் புதிதாக வந்தபோது அவற்றில் கியூ.ஆர். குறியீடுகளை அச்சிட்டிருந்தார்கள். இதயம் சுருங்கி விரிவதைக் கரும்பலகையில் சாக்கட்டியால் எவ்வளவு நேரம் வரைந்தாலும் புரியவைப்பது சிரமம். அரை நிமிஷப் படம் அதைக் காட்டிவிடும். கண் பார்வையற்ற மாணவருக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் செல்போன் ஒரு விடுதலைக் கருவியே. வெல்டிங் பழகும் பிள்ளைக்குப் பொறி பறக்காத போலி யந்திரத்தில் முதல் வாரம் கையைப் பழக்கினால் ராடும் மிச்சம், கண்ணும் மிச்சம். 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட கூலிக்காரர் பிள்ளைகள் பலர் இன்று அதையே பிழைப்பாகக் கொண்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நமக்குப் பைத்தியமா என்ன?

ஆனால் சில வருஷங்களுக்கு முன் நடந்ததை அதற்குள் மறந்துவிட முடியுமா? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளிப் படி ஏறியது 2021 நவம்பர் முதல் தேதி. பத்தொன்பது மாத காலம்! அந்தக் காலம் முழுவதும் 'கல்வி நிற்கவில்லை, செல்போனில் நடக்கிறது' என்று தம்பட்டம் அடித்தார்கள். அந்தச் செல்போன் எந்த வீட்டில் இருந்தது? மத்திய சர்க்காரின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பே, 2017-18-ல் எடுத்த கணக்கில், கிராமப்புறக் குடும்பங்களில் 100-க்கு 15 வீடுகளுக்குத்தான் இன்டர்நெட் வசதி இருந்தது என்று கூறியது. நகரத்தில் 42. கணினி வைத்திருந்த கிராமக் குடும்பங்கள் நூற்றுக்கு நான்கு சொச்சம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஆன்லைன் வகுப்பு என்றார்கள்.

பிறகு ஜனங்கள் கடன் வாங்கிச் செல்போன் வாங்கினார்கள். ஏஸர் என்னும் கிராமப்புறக் கல்வி ஆய்வின்படி, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018-ல் 36.5 சதவீதம், 2021-ல் 67.6 சதவீதம். மூன்றே வருஷத்தில் இந்தப் பாய்ச்சல். இந்தச் செலவைச் சர்க்காரா செய்தது? காது தோட்டை அடகு வைத்த தாய் செய்தார். சரி, செல்போன் வந்த வீட்டிலாவது பிள்ளைக்குக் கிடைத்ததா? அதே 2021 ஆய்வு சொல்கிறது: செல்போன் இருந்த வீடுகளிலும் நாலில் ஒரு பிள்ளைக்கு அது படிப்பதற்குக் கிடைக்கவே இல்லை. ஏன் கிடைக்கவில்லை என்று ஸ்ரீபெரும்புதூர்ச் சிறுமியைக் கேட்டால் சொல்வாள்.

விளைவு என்ன ஆயிற்று? தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர். அதுவே பெருமைப்படக்கூடிய கணக்கு அல்ல. 2022-ல் அது ஐந்துக்கும் கீழே இறங்கியது. அந்தக் காலத்தில் பாடம் படமாக ஓடாமல் இருக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி 2019 முதலே இருக்கிறது. ஆசிரியர்கள் உழைத்து நல்ல பாடங்களைத்தான் எடுத்தார்கள். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளை, பெட்டியில் பேசுபவரிடம் "டீச்சர், இது புரியலே" என்று சொல்ல முடியுமா? சொன்னால்தான் அவர் திரும்பிப் பார்ப்பாரா?

கடைசியில் பிள்ளைகளைத் தேடி வந்தது யந்திரம் அல்ல, மனிதர்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தெருத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பெண்கள். அந்தத் திட்டத்தின் மேல் நமக்குச் சந்தேகங்கள் இருந்தன, இப்போதும் உண்டு. அந்தப் பெண்களுக்குச் சர்க்கார் கொடுத்தது மாதம் ஆயிரம் ரூபாய். ஆசிரியர் வேலை என்று சொல்ல மாட்டார்கள், கூலி என்றும் சொல்ல மாட்டார்கள். 'தன்னார்வம்' என்ற அழகான பெயரை வைத்துவிட்டார்கள்! இருந்தபோதிலும் அந்தப் பெண்கள் செய்த வேலையை நாம் கண்ணால் பார்த்தோம். 2024-ல் எடுத்த அதே ஆய்வில் அந்த மூன்றாம் வகுப்புக் கணக்கு பன்னிரண்டு சதவீதமாக ஏறியிருந்ததற்கு, பள்ளி திறந்ததும் நேரில் சொல்லிக் கொடுத்ததும்தான் காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

கேரளத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 2020 ஜூன் முதல் தேதி விக்டர்ஸ் சேனலில் பாடங்கள் தொடங்கின. அன்றைக்கே மலப்புரம் ஜில்லாவில் ஒரு தலித் மாணவி, வீட்டு டெலிவிஷன் பழுதாகி, செல்போனும் இல்லாமல், வகுப்பைப் பார்க்க முடியாத வேதனையில் உயிர் துறந்தாள் என்று செய்தி வந்தது. அந்த மாநிலமே குலுங்கிவிட்டது. வாலிபர் சங்கத்தார் வீடு வீடாகச் சென்று டெலிவிஷன் பெட்டிகளைத் திரட்டினார்கள். படிப்பகங்களிலும் பஞ்சாயத்துக் கட்டிடங்களிலும் பொது வகுப்புகள் வைத்தார்கள். ஆக, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகுதான் இது குடும்பத்தின் தலைவலி அல்ல, பொதுக் கடமை என்பது உறைத்தது. கேரளத்தில் வேறொரு நல்ல காரியமும் உண்டு. 2018 முதல் எட்டாம் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை சுமார் 45,000 வகுப்பறைகளில் கணினியும் திரையும் வைத்தார்கள். அதில் ஓடுவது எந்தக் கம்பெனிக்கும் கப்பம் கட்டாத சுதந்திர மென்பொருள். யந்திரம் வகுப்பறையில் இருக்கிறது, ஆசிரியர் அதன் பக்கத்தில் இருக்கிறார். பிள்ளையின் வீட்டுக் காசில் அது வரவில்லை.

தனியார் என்ன செய்தார்கள்? பைஜூஸ் கதை ஊரறிந்தது. இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் சட்டையில் பெயர் எழுதிய கம்பெனி. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே வருஷம் டிசம்பரில், பெற்றோரை நெருக்கிப் பாடத் திட்டங்களை விற்பதாக எழுந்த புகார்களின் பேரில், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு தேசியக் கமிஷன் அதன் தலைமை நிர்வாகிக்குச் சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் கம்பெனி திவால் வழக்கில் சிக்கிவிட்டது. 2,200 கோடி டாலர் என்பது எங்கே இருந்தது, எங்கே போயிற்று? நம் பிள்ளை ஐந்தாவது வாய்ப்பாட்டைச் சொல்லத் திணறுவதைப் பார்த்து நாம் படும் பயத்துக்குத்தான் முதலீட்டுக்காரர்கள் அப்படி விலை வைத்தார்கள்.

வெளி தேசங்களிலும் படம் வேறு இல்லை. பெரு நாட்டில் பத்து லட்சம் மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பாட முறையோடு அவற்றைச் சேர்க்காததால் படிப்பு முன்னேறவில்லை என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்வி அறிக்கை எடுத்துக் காட்டியது. தொற்றுநோய்க் காலத்தில் சிபாரிசு செய்யப்பட்ட 163 கல்விச் செயலிகளில் 89 சதவீதம் பிள்ளைகளை வேவு பார்க்க இடம் கொடுப்பவை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் திரைக்கு மாற்றிய ஸ்வீடன் 2023-ல் திரும்பவும் அச்சுப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கியது. இங்கோ, 2021-ல் பல்கலைக்கழக மானியக் கமிஷன் விதி போட்டு, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' என்னும் இன்டர்நெட் மேடையிலேயே படித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. இது மாணவருக்குச் சௌகரியமா, அல்லது கல்லூரிகளில் ஆசிரியர் பதவிகளை நிரப்பாமல் விடுவதற்குச் சௌகரியமா என்று நாம் கேட்கிறோம்.

மறுபடி தொழிற்சாலைக்கு வருவோம். அங்கேதான் விஷயம் ஆழமாகப் போகிறது, பேசுவோரும் குறைவு.

நாம் பத்தாம் வகுப்புத் தேறியதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தோம். அங்கே இருந்த மேஸ்திரி எழுதப் படிக்கத் தெரியாதவர். முதல் மூன்று மாதம் கூட்டிப் பெருக்கும் வேலைதான். திட்டும் அடியும்கூட விழுந்தன. அந்த முறையை நாம் புகழவில்லை. ஆனால் ஒரு நாள் அவர் நம் கையைப் பிடித்து ஓடும் லேத்தின் கைப்பிடி மேல் வைத்து, "காதாலே கேளு" என்றார். டூல் மழுங்கும்போது சத்தம் மாறும். இரும்புச் சுருள் நீல நிறமாக வந்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். கைப்பிடியில் ஏற்படும் நடுக்கம் ஜாப் சரியாக மாட்டப்படவில்லை என்பதைச் சொல்லும். இதெல்லாம் அவர் முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த சொத்து. அந்தச் சொத்தைப் பட்டறை முதலாளியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் அவர் ஒரு நாள் வராவிட்டால் முதலாளியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினார்.

1911-ல் அமெரிக்காவில் டெய்லர் என்பவர் 'விஞ்ஞான நிர்வாகம்' பற்றிப் புத்தகம் எழுதினார். தொழிலாளியின் தலையிலும் கையிலும் இருக்கிற அறிவை நிர்வாகம் திரட்டி எடுத்துக்கொள்ள வேண்டும், பின்பு அதைத் துண்டு துண்டாகக் கட்டளையாக்கித் தொழிலாளிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அன்று அதற்கு ஒரு கடிகாரமும் ஒரு குமாஸ்தாவும் தேவைப்பட்டனர். இன்று ஒரு காமிரா போதும். அனுபவசாலியான தொழிலாளி செய்யும் வேலையைப் படம் பிடிக்கிறார்கள். அதை மூன்று நிமிஷத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். நாளை ஒரிஸ்ஸாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ரயிலேறி வரும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தத் துண்டுகளைக் காட்டி, ஒரே நாளில் லைனில் நிறுத்துகிறார்கள். அந்தப் பையன் கற்றுக்கொள்வது தொழில் அல்ல, ஓர் அசைவு. அந்த அசைவை வைத்துக்கொண்டு வேறு பட்டறையில் போய்ச் சேர முடியாது. படத்தில் தெரியும் கை யாருடையதோ, அந்த மூத்த தொழிலாளிக்கு அதற்காக ஒரு காசும் கிடையாது. தன் வேலைக்குத் தானே மாற்று ஆளைத் தயாரித்துக் கொடுத்தவர் அவர்.

அந்தப் பையனுக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது? அவனை அப்ரெண்டிஸ் என்று எழுதிவிட்டால் 1961 அப்ரெண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவின்படி அவன் 'பயிற்சியாளன்', தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டம் அவனுக்குப் பொருந்தாது. 2019-ல் திருத்திய விதிகள் அவனுக்கு மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று உதவித் தொகை நிர்ணயித்தன. உற்பத்தி லைனில் நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவனைத்தான் சொல்கிறோம். செல்போனில் பார்த்த படங்களின் பட்டியலே அவன் பெற்ற பயிற்சிக்குச் சாட்சி! 71 அரசினர் ஐ.டி.ஐ.களை டாட்டா கம்பெனியுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் மேற்கொண்டது. ரோபோவும் கம்ப்யூட்டர் லேத்தும் ஏழைப் பிள்ளைகள் கைக்கு வருவதை நாம் மனமார வரவேற்கிறோம். அந்த யந்திரத்தின் பக்கத்தில் நிரந்தரப் பயிற்றுனர் நிற்கிறாரா, அவருக்கு அதைப் பழக நேரமும் சம்பளமும் கொடுத்தார்களா என்பதை அந்தந்த ஊர்த் தோழர்கள் நேரில் பார்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சர்க்கார் ஊழியர்களையும் இது விடவில்லை. 2020 அக்டோபரில் ஆசிரியர் பயிற்சியே 'தீக்ஷா' மேடைக்கு மாற்றப்பட்டது. ஒரு பக்கம் படம் ஓட, மறு பக்கம் சமையல் நடந்த கதையை ஆசிரியைத் தோழர்கள் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. அவர்கள் மேல் தப்பு இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத வகுப்பில் யார்தான் கண் விழித்திருப்பார்கள்? மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடி ஊழியர்கள் சிரிக்கவில்லை. தரக்குறைவான செல்போனைக் கையில் கொடுத்து, இங்கிலீஷில் இருந்த செயலியில் கணக்கு ஏற்றச் சொன்னபோது, 2021 ஆகஸ்டில் அவர்கள் செல்போன்களைக் கொண்டு போய்த் திருப்பி ஒப்படைத்துப் போராடினார்கள்.

பயிற்சி நேரம் வேலை நேரமே என்று சொல்வது புதிய விஷயமா, நடக்காத காரியமா? 1973-ல் இத்தாலிய உலோகத் தொழிலாளர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் 150 மணி நேரப் படிப்பு உரிமையை வென்றார்கள். மூன்று வருஷத்தில் 150 மணி நேரம், முழுச் சம்பளத்துடன். அதற்குச் சமமான நேரத்தைத் தொழிலாளியும் தன் சொந்த நேரத்திலிருந்து போட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, கம்பெனிக்குத் தேவையான பாடத்தைத்தான் படிக்க வேண்டும் என்ற கட்டு இல்லை. ஏழைக் கிராமங்களிலிருந்து டூரின், மிலான் ஆலைகளுக்கு வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை அதில் முடித்தார்கள். பிற்பாடு வீட்டுப் பெண்களும் வேலையில்லாதவர்களும்கூட அந்த வகுப்புகளில் வந்து உட்கார்ந்தார்கள். 1974-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்புக்காக 140-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை. 2019-ல் ஐரோப்பிய யூனியன் ஓர் உத்தரவு இயற்றியது: சட்டப்படி கட்டாயமான பயிற்சி தொழிலாளிக்கு இலவசமாக இருக்க வேண்டும், அது வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும், கூடுமானவரை வேலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். ஐரோப்பிய முதலாளிகள் ஒன்றும் நம் முதலாளிகளை விடத் தர்மவான்கள் அல்லர். அங்கே அதைக் கேட்டு வாங்கினார்கள்.

நம் நாட்டிலும் சட்டத்தில் பிடி இல்லாமல் போகவில்லை. 1948 பாக்டரி சட்டத்தில் மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்ற விதி இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புகளில் தொழிலாளியின் பல உரிமைகளைப் பறித்திருக்கிறார்கள்; அதிலும்கூட இரட்டைக் கூலி வாசகத்தை எடுக்க அவர்களுக்குத் துணிவு வரவில்லை. இரவு பத்து மணிக்கு, பார்க்காவிட்டால் வேலை கிடையாது என்ற மிரட்டலின் கீழ், கம்பெனி அனுப்பிய படத்தைப் பார்ப்பது வேலை இல்லை என்றால் வேறு எது வேலை? சங்கங்கள் இதை உற்பத்திப் போனஸ், கான்டீன் சாப்பாடு ஆகிய கோரிக்கைகளின் வாலில் பத்தோடு பதினொன்றாகச் சேர்க்காமல், தனிக் கோரிக்கையாக வைத்து வாதாட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சில சங்கத் தோழர்கள் "இது சின்ன விஷயம், நாற்பது நிமிஷம்தானே" என்கிறார்கள். எட்டு மணி வேலை நாளும் நிமிஷங்களால் ஆனதுதான், தோழர்களே.

ஸ்ரீபெரும்புதூர்த் தோழரும் அவருடன் வேலை செய்யும் பதினோரு பேரும், சென்ற ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினார்கள். நாமும் உடன் இருந்தோம். மனு ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. பயிற்சியை ஷிப்ட் நேரத்தில், கம்பெனிக் கருவியில், தமிழிலும் ஹிந்தியிலும் ஒரியாவிலும் நடத்த வேண்டும். படம் காட்டிய பின் யந்திரத்தின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஆள் வேண்டும். ஆறாம் நம்பர் பிரஸ்ஸின் சென்சாரைப் பழுது பார்த்துப் பரிசோதித்த தேதியைச் சான்றிதழில் முதலில் எழுத வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொன்னது ஒரிஸ்ஸாப் பையன் ஒருவன். ஒப்பந்தத் தொழிலாளிகள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடலாமா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. யார் பெயர் முதலில் என்று தெரியாமல் இருக்க வட்டமாகக் கையெழுத்திட்டார்கள்.

மனுவைத் திங்கட்கிழமை காலை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரவு அடுத்த பாடம் வந்தது. நிர்வாகத்தின் பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இந்தப் பத்தியிலேயே வெளியிடுகிறோம்.